மேப்ல புள்ளியா தெரியுற தீவு நாடு, காலநிலை அரசியலுக்கு தலைமை தாங்க முடியுமா?

கேள்வி இதுதான்: "காலநிலை மாநாடு வந்தாலே மார்ஷல் தீவு, வனுவாட்டு, டுவாலுன்னு மேப்ல ஜூம் பண்ணாதான் தெரியுற நாடுங்க எல்லாம் தலைமை தாங்குறதா செய்தி போடுறாங்க. நிஜமா முடிவு பண்றது அமெரிக்கா, சீனா, இந்தியாதானே? இவங்க மேடையில அழுது காட்டுறதோட சரியா?"

பாதி கரெக்ட். புகையை குறைக்கறதும் குறைக்காம விடறதும் பெரிய நாடுங்க கையிலதான் இருக்கு, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா என்ன பேசணும், எந்த நம்பரை வச்சு பேசணும், யார் யாருக்கு கடன்பட்டவங்கன்னு ஒப்பந்தத்துக்குள்ள எழுதி வைக்கிற வேலை இருக்கே, அதுல கடந்த முப்பத்தஞ்சு வருஷமா இந்த குட்டி நாடுங்க செஞ்சது ரொம்ப பெருசு. அது அழுகையால நடந்ததும் இல்ல, நல்லா கணக்கு போட்டு பண்ண அரசியல்.

முதல்ல ஒரு விஷயம், பல பேருக்கு தெரியாது. ஐநா காலநிலை மாநாட்டுல ஓட்டெடுப்பே கிடையாது. 1995ல பெர்லின்ல முதல் மாநாடு நடந்தப்ப ஓட்டு எப்படி போடணும்ங்கிற விதியில சண்டை வந்துச்சு, சவுதி மாதிரி எண்ணெய் நாடுங்க மெஜாரிட்டி ஓட்டுக்கு ஒத்துக்கவே இல்ல, அந்த விதி இன்னிக்கு வரைக்கும் நிறைவேறல. அதனால எல்லாமே ஒருமித்த கருத்துலதான் போகணும். சவுதி தன்னை காப்பாத்திக்க பிடிச்சு வச்ச இந்த முறையே தீவு நாடுங்களுக்கும் ஒரு பிடி ஆயிருச்சு, ஏன்னா நாப்பதாயிரம் பேர் இருக்கிற நாடும் கைய தூக்கி "எனக்கு சம்மதம் இல்ல"ன்னா மாநாட்டுத் தலைவர் முடிவாச்சுன்னு சுத்தியலை தட்டறதுக்கு முன்னாடி யோசிக்கணும். (2010ல கான்கூன்ல பொலிவியா ஒத்தையா எதிர்த்தப்ப கண்டுக்காம தட்டிட்டாங்க, அதுவும் நடந்திருக்கு.)

இந்த கதையை ஆரம்பிச்சு வச்சதே சின்ன நாடுங்கதான். 1987ல மாலத்தீவு அதிபர் மௌமூன் அப்துல் கயூம் ஐநா பொதுச்சபையில கடல் மட்டம் ஏறுனா எங்க நாடே இருக்காதுன்னு பேசுனார். அடுத்த வருஷம் மால்டா, ஆமா அந்த மத்திய தரைக்கடல் தீவுதான், பருவநிலையை மனுஷ குலத்தோட பொது அக்கறைன்னு ஏத்துக்க வைக்கிற தீர்மானத்தை பொதுச்சபைக்கு கொண்டு வந்து 1988 டிசம்பர்ல நிறைவேத்துச்சு. 1989ல மாலேல சின்ன நாடுங்க கூடி பேசினாங்க, 1990ல ஜெனீவால ஏஓசிஸ்னு (AOSIS) சின்ன தீவு நாடுங்களுக்கு ஒரு கூட்டணியே ஆரம்பிச்சாச்சு. அதோட முதல் தலைவர் வனுவாட்டுவோட ஐநா தூதர் ராபர்ட் வான் லீரோப், பிறப்புல அமெரிக்கர், நியூயார்க் வக்கீல். சொந்தமா ஆள் படை இல்லாத நாடுங்க வெளியில இருந்து நல்ல வக்கீலையும் விஞ்ஞானியையும் கூட்டிட்டு வந்து தன் நாட்டு பேட்ஜை மாட்டி உக்கார வைக்கிற வழக்கம் அப்பவே ஆரம்பிச்சது. சில பேர் இதை கிண்டல் பண்ணுவாங்க, எனக்கு அது புத்திசாலித்தனமாத்தான் படுது. அமெரிக்கா நூறு பேரோட வருது, இவங்க மூணு பேரோட வந்து ஒரே நேரத்துல நடக்கிற இருபது மீட்டிங்கை எப்படி சமாளிக்கறது?

1991லயே வனுவாட்டு ஏஓசிஸ் சார்பா ஒரு பேப்பர் குடுத்துச்சு: கடல் ஏறி நிலம் போச்சுன்னா அதுக்கு ஒரு சர்வதேச இன்சூரன்ஸ் நிதி வேணும், பணம் போடறது பணக்கார நாடுங்க. யாரும் கண்டுக்கல. அந்த யோசனை இழப்பு சேத நிதிங்கிற பேர்ல 2022ல எகிப்து மாநாட்டுல ஒத்துக்கப்பட்டுச்சு. முப்பத்தோரு வருஷம். விடாம வருஷா வருஷம் அதே பேப்பரை தூக்கிட்டு வந்தா நடக்கும், ஆனா எவ்ளோ வருஷம் ஆகும்னும் இதுலயே தெரியுது.

இனி மார்ஷல் தீவு. இதைத்தான் கொஞ்சம் நிதானமா சொல்லணும். பசிபிக் நடுவுல 29 பவளத்திட்டும் 5 தனித்தீவும், நிலம் பெரும்பாலும் கடல் மட்டத்துல இருந்து ரெண்டு மீட்டர் உயரம்தான், சராசரி ஆள் நின்னு கைய தூக்குனா அந்த உயரம் தாண்டிரும். ஜனத்தொகை சுமார் 42,000. 1946ல இருந்து 1958 வரைக்கும் அமெரிக்கா அங்க 67 அணுகுண்டு சோதனை நடத்துச்சு. 1954 மார்ச் 1ம் தேதி பிகினி திட்டுல வெடிச்ச பிராவோ குண்டு 15 மெகாடன், ஹிரோஷிமாவை விட ஆயிரம் மடங்கு. அன்னிக்கு காலைல லிக்கியெப்ங்கிற தீவுல தாத்தாகூட வலை வீசி மீன் பிடிச்சிட்டு இருந்த ஒம்பது வயசு பையன் வானம் முழுக்க ரத்தச் சிவப்பா மாறுனதை பாத்தான். அவர்தான் பின்னாடி வெளியுறவு அமைச்சரான டோனி டிப்ரம். சுதந்திரத்துக்கான பேச்சுவார்த்தைல அமெரிக்காகூட உக்காந்து பேசுன ஆளுங்கள்ல ஒருத்தர், அதனால பெரிய நாட்டுக்காரன் மேஜைல எப்படி நடந்துப்பான்னு அவருக்கு யாரும் சொல்லித்தர தேவை இல்ல. 2014ல இந்தியா உட்பட ஒம்பது அணு ஆயுத நாடுங்க மேல ஹேக் சர்வதேச நீதிமன்றத்துல கேஸ் போட்டதும் இவர் காலத்துலதான், 2016ல அதிகார வரம்பு இல்லைன்னு தள்ளுபடி ஆயிருச்சு.

2015 பாரிஸ் மாநாட்டுக்கு முன்னாடி நிலைமை என்னன்னா, பேச்சு எப்பவும் ஒரே கோட்டுல பிரிஞ்சு நிக்கும்: ஒரு பக்கம் பணக்கார நாடு, இன்னொரு பக்கம் வளர்ற நாடுங்களோட கூட்டணியான ஜி77 பிளஸ் சீனா. இந்த ரெண்டாவது பக்கத்துல சவுதியும் இருக்கு, சீனா இந்தியாவும் இருக்கு, முழுகிட்டு இருக்கிற தீவும் இருக்கு. வளர்ற நாடு எல்லாம் ஒரே குரல்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும், ஆனா எண்ணெய் விக்கிறவனும் அந்த எண்ணெய்ப் புகையால வீடு இழக்கிறவனும் எப்படி ஒரே குரல்ல பேச முடியும், கடைசில எல்லாருக்கும் ஒத்து வர்ற மந்தமான வாசகம்தான் வெளிய வரும். டிப்ரம் இந்த கோட்டை தாண்டி ஆள் சேர்க்க ஆரம்பிச்சார். 2015 ஜூலைல பாரிஸ்ல அமைச்சர்கள் கூட்டம் ஒண்ணு நடந்தப்ப ஓரமா ஒரு டஜனுக்கு மேல அமைச்சர்களை கூப்பிட்டு பேசுனார், ஐரோப்பாவுல இருந்தும் லத்தீன் அமெரிக்காவுல இருந்தும் ஆப்பிரிக்காவுல இருந்தும். மாசக்கணக்குல வெளிய ஒரு மூச்சு விடல. டிசம்பர் 8ம் தேதி, மாநாடு நடுவுல, ஐரோப்பிய யூனியனும் ஆப்பிரிக்க கரீபியன் பசிபிக் நாடுங்க 79ம் சேந்து நிக்கிறோம்னு அறிவிச்சாங்க. அதுக்கு அடுத்த நாள் அமெரிக்கா சேந்துச்சு, 11ம் தேதி பிரேசில். பிரேசில் வந்ததுதான் முக்கியம்னு சொல்லுவேன், ஏன்னா அது சீனா, இந்தியா, தென்னாப்பிரிக்காகூட பேசிக் (BASIC)ங்கிற குழுவுல இருக்கிற நாடு, அந்த பக்கத்து சுவர்ல விழுந்த முதல் விரிசல் அது.

12ம் தேதி கடைசி அமர்வு. மாநாடு நடந்த லூ பூர்ஜே அரங்குக்குள்ள டிப்ரம், ஐரோப்பாவோட அரியாஸ் கன்யெதே, அமெரிக்க தூதர் டாட் ஸ்டெர்ன் எல்லாம் ஒண்ணா நடந்து வந்தாங்க, எல்லாரோட கோட்டுலயும் மார்ஷல் தீவுல இருந்து வந்த தென்னை ஓலைல முடைஞ்ச ஒரு சின்ன பின். எழுந்து நின்னு கைதட்டல். படம் நல்லா வரணும்னு பண்ணதுதான், மறைக்க ஒண்ணும் இல்ல, ஆனா அந்த படத்துக்கு பின்னாடி அரங்குல இருந்த ஒவ்வொரு தூதருக்கும் ஒரு கணக்கு ஓடிருக்கும்: இப்ப நான் வேண்டாம்னு சொன்னா நூறு நாட்டுக்கு எதிரா நிக்கிற வில்லன் நான்தான்.

அதுல கிடைச்சது என்ன? ஒப்பந்தத்தோட 2வது பிரிவுல பூமியோட சராசரி வெப்பம் ஏறுறதை 2 டிகிரிக்கு நல்லா கீழே வைக்கணும், 1.5 டிகிரிக்குள்ள நிறுத்த முயற்சி பண்ணணும்னு ஒரு வரி. அந்த 1.5 ஒரே ராத்திரில வந்தது இல்ல. கோபன்ஹேகன்ல 2009ல தீவு நாடுங்க அதுக்காக கத்தி தோத்தாங்க, அடுத்த வருஷம் கான்கூன்ல தோல்வியை கொஞ்சம் சரிகட்டற மாதிரி 2013-15ல இந்த 2 டிகிரி போதுமான்னு விஞ்ஞான ரீதியா மறுபரிசீலனை பண்ணணும்னு ஒரு ஷரத்தை நுழைச்சுட்டாங்க. யாரும் பெருசா எடுத்துக்காத ஷரத்து. அந்த மறுபரிசீலனை 2015ல முடிஞ்சப்ப 2 டிகிரியை பாதுகாப்பான எல்லைன்னு நம்பக்கூடாதுங்கிற மாதிரி அறிக்கை வந்துருச்சு, பாரிஸ்ல கைல அது இருந்துச்சு. இவங்க வேலை செய்யற விதத்துக்கு ஒரே ஒரு உதாரணம் கேட்டா இதைத்தான் சொல்லுவேன், ஓலை பின்னை இல்ல.

விலையும் குடுத்தாங்க. இழப்பு சேதத்துக்கு 8வது பிரிவுன்னு தனி இடம் கிடைச்சுச்சு, ஆனா கூடவே போன தீர்மானத்துல 51வது பாராவுல "இந்த பிரிவை வச்சு யாரும் பொறுப்போ நஷ்டஈடோ கேக்க முடியாது"ன்னு அமெரிக்கா எழுதி வாங்கிருச்சு. அமெரிக்காவை கூட்டணிக்குள்ள கொண்டு வந்ததுக்கு கட்டுன டிக்கெட் அது. இதுக்காக விமர்சனமும் வந்துச்சு. என்னை கேட்டா அந்த நேரத்துல 1.5ஐ எடுத்தது சரி, ஏன்னு கீழ வர்ற விஷயத்துல தெரியும். டிப்ரம் 2017 ஆகஸ்ட்ல காலமானார்.

இப்ப வனுவாட்டு. 2019ல வனுவாட்டு தலைநகர் போர்ட் விலால இருக்கிற தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்துல 27 சட்ட மாணவர்கள், வகுப்புல வந்த யோசனைதான், காலநிலை விஷயத்துல நாடுங்களோட சட்டப்பூர்வ கடமை என்னன்னு ஹேக் நீதிமன்றத்துகிட்டயே கேட்டா என்னன்னு பசிபிக் அரசாங்கங்களுக்கு கடிதம் எழுதுனாங்க. அப்ப வெளியுறவு அமைச்சரா இருந்த ரால்ஃப் ரெகன்வானு அதை கைல எடுத்தார். இது புது யோசனை இல்ல, 2011ல பலாவுங்கிற இன்னொரு பசிபிக் தீவு நாடு இதையே ஐநால அறிவிச்சு, அமெரிக்கா கண்ணை உருட்டுனதும் கிடப்புல போட்டுருச்சு, ஏன்னா பலாவு பட்ஜெட்டுல பெரிய பங்கு அமெரிக்க பணம். வனுவாட்டு அந்த மாதிரி அமெரிக்க பணத்தை நம்பி இல்ல, அது ஒரு வசதி. இன்னொண்ணு, அவங்க தனியா போகல. ஜெர்மனி, போர்ச்சுகல், நியூசிலாந்து, வங்கதேசம், வியட்நாம், சிங்கப்பூர், மொசாம்பிக்னு பதினெட்டு நாட்டு குழு ஒண்ணு சேத்து, கேள்வியோட வாசகத்தை எல்லாருமா உக்காந்து செதுக்குனாங்க.

இங்கதான் களம் மாறுது பாருங்க. காலநிலை மாநாட்டுல ஒரு சவுதி போதும் தடுக்க, ஆனா பொதுச்சபைல ஆலோசனை கருத்து கேக்க மெஜாரிட்டி ஓட்டு போதும், வீட்டோ கிடையாது. எதிரி பலமா இருக்கிற மைதானத்தை விட்டு வேற மைதானத்துக்கு ஆட்டத்தை கொண்டு போயிட்டாங்க. 2023 மார்ச் ஆரம்பத்துல ஒரே வாரத்துல ஜூடி, கெவின்னு ரெண்டு புயல் வனுவாட்டுவை புரட்டி எடுத்துச்சு, அதே மாசம் 29ம் தேதி தீர்மானம் 130க்கு மேல நாடுங்க இணைஞ்சு முன்மொழிய, ஓட்டே இல்லாம நிறைவேறுச்சு. எதிர்த்து ஓட்டு கேட்டு தனியா மாட்டிக்க எந்த பெரிய நாடும் தயாரா இல்ல.

2024 டிசம்பர்ல ஹேக்ல ரெண்டு வாரம் விசாரணை, 96 நாடு பேசுச்சு, அந்த நீதிமன்ற வரலாற்றுலயே பெருசு. 2025 ஜூலை 23ம் தேதி நீதிபதிகள் ஒருமனதா கருத்து சொன்னாங்க. 1.5 டிகிரிதான் நாடுங்க ஒத்துக்கிட்ட முதன்மை இலக்கு. ஒவ்வொரு நாடும் குடுக்கிற குறைப்பு திட்டம் அவங்க இஷ்டத்துக்கு எழுதற காகிதம் இல்ல, முழு முயற்சி அதுல தெரியணும். பாரிஸ் ஒப்பந்தத்துல இல்லாத நாட்டுக்கும், ஒப்பந்தமே இல்லாம வழக்கத்துல உருவான சர்வதேச சட்டப்படி கடமை உண்டு. நிலக்கரி எண்ணெய் எடுக்க லைசென்ஸ் குடுக்கறதும் மானியம் குடுக்கறதும்கூட சட்ட மீறலா ஆகலாம், ஆச்சுன்னா இழப்பீடு வரைக்கும் போகலாம்.

2015ல "முயற்சி பண்ணணும்"னு வளவளன்னு எழுதுன வரி பத்து வருஷத்துல நீதிமன்றத்தோட அளவுகோலா மாறிருக்கு. நடுவுல 2021 கிளாஸ்கோ, 2023 துபாய் தீர்மானங்கள் அதை திரும்ப திரும்ப உறுதி பண்ணதைத்தான் நீதிபதிகள் ஆதாரமா எடுத்தாங்க. 51வது பாரால பூட்டுன கதவுக்கு வேற பக்கம் ஒரு வாசலும் திறந்தாச்சு. 2025 ஜனவரில அமெரிக்கா ரெண்டாவது தடவை பாரிஸை விட்டு வெளியேற உத்தரவு போட்டுச்சுல்ல, வெளிய போனாலும் கடமை கூடவே வரும்ங்கிறதுதான் இதோட அர்த்தம். இது ஆலோசனை கருத்துதான், யாரையும் நேரடியா கட்டுப்படுத்தாது, ஆனா உள்நாட்டு கோர்ட்டுங்கள்ல வக்கீலுங்க இதை தூக்கிட்டு போவாங்க.

இந்தியாவையும் கேட்டீங்க. ஹேக்ல இந்தியா நின்னது, இருக்கிற ஒப்பந்தத்துக்கு மேல புதுசா கடமை எதையும் நீதிமன்றம் உண்டாக்கக் கூடாதுங்கிற பக்கம். அதுல நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன், வருஷத்துக்கு தலைக்கு ரெண்டு டன் சொச்சம் கார்பன் புகை விடற நாட்டை பதினாலு டன் விடற அமெரிக்காவோட ஒரே தராசுல வச்சுடுவாங்களோங்கிற பயம் ரொம்ப பழசு. 2011 டர்பன்ல அதுதான் வெடிச்சது: மாநாடு ஒண்ணரை நாள் கூடுதலா இழுத்து, விடியக்காலை, இந்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன், நம்ம ஊர்க்காரங்கதான், எங்க ஜனங்களோட வாழ்க்கைக்கு நான் எப்படி தொகை எழுதாத செக்குல கையெழுத்து போட்டுத்தர முடியும்ங்கிற தொனியில பேசுனாங்க, எதிர்ல ஐரோப்பாவோட கோனி ஹெடகார்டும் தீவு நாடுங்களும். மாநாட்டை நடத்துன தென்னாப்பிரிக்க தலைவர் ரெண்டு பேரையும் அங்கயே நின்னு பேசி தீத்துக்கோங்கன்னு சொல்ல, அரங்கு நடுவுல கூட்டமா சூழ்ந்து நின்னு பேசி, பிரேசில்காரர் ஒருத்தர் சொன்ன வாசகத்துல சமாதானம் ஆச்சு. அந்த டர்பன் முடிவுல இருந்துதான் பாரிஸ் பிறந்தது. இந்தியா தன்னோட நியாயத்தை ஜெயிக்கிற அளவுக்கு ஆள் சேக்கறதுல எப்பவும் வீக்னு எனக்கு தோணும். பேச்சு நல்லா இருக்கும், பின்னாடி நிக்க நாடு இருக்காது. டிப்ரம், ரெகன்வானு ரெண்டு பேர்கிட்டயும் இருந்தது அதுக்கு நேர் எதிர்.

தீவு நாடுங்க எல்லாத்துலயும் ஜெயிக்கிறாங்கன்னு நினைச்சுடாதீங்க. துபாய்ல 2023ல கடைசி நாள் தலைவர் சுத்தியலை தட்டி முடிச்சு எல்லாரும் கைதட்டுன பிறகு, சமோவா பிரதிநிதி ஆன் ராஸ்முசன் மைக்கை பிடிச்சு, நாங்க இன்னும் ரூமுக்குள்ளயே வரல, அதுக்குள்ள முடிச்சுட்டீங்களேன்னு சொன்னாங்க. 39 தீவு நாடு கதவுக்கு வெளிய தங்களுக்குள்ள பேசிட்டு இருந்தப்ப முடிவு எடுத்தாச்சு. அரங்கமே எழுந்து நின்னு அவங்களுக்கு கைதட்டுச்சு, தீர்மானத்துல ஒரு கமா மாறல. இழப்பு சேத நிதிக்கு வந்த வாக்குறுதியும் 2025 வரைக்கும் மொத்தமா ஒரு பில்லியன் டாலரைக்கூட தொடல, ஒரு பெரிய புயலுக்கே பத்தாது.

மார்ஷல் தீவுகிட்டயே ஒரு முரண்பாடு இருக்கு, அதையும் சொல்லிடறேன். உலகத்துல கப்பல் பதிவுல முன்னணில இருக்கிற கொடி அவங்களோடது, ஆனா அந்த பதிவு ஆபீஸை நடத்தறது அமெரிக்காவுல வர்ஜீனியால இருக்கிற ஒரு தனியார் கம்பெனி. லண்டன்ல சர்வதேச கடல்சார் அமைப்பு கூட்டத்துல மார்ஷல் தீவு நாற்காலில வழக்கமா உக்கார்றது அந்த பக்கத்து ஆளுங்கதான். 2015ல டிப்ரம் நேர்லயே அங்க போய், கப்பல் புகைக்கும் ஒரு இலக்கு வேணும்னு பேசுனார், அன்னைக்கு பெருசா யாரும் சட்டை பண்ணல. 2018ல முதல் இலக்கு வந்துச்சு, 2021ல மார்ஷல் தீவும் சாலமன் தீவும் கப்பல் விடற ஒரு டன் புகைக்கு 100 டாலர் வரி போடலாம்னு கேட்டாங்க, 2023ல 2050 வாக்குல நிகர பூஜ்ஜியம்னு ஒத்துக்கிட்டாங்க. கொடியால வருமானம் வாங்கற நாடே கொடி கட்டுன கப்பலுக்கு வரி கேக்குது.

2025 ஏப்ரல்ல கப்பல் புகைக்கு விலை வைக்கிற திட்டம் அந்த அமைப்புல ஓட்டுக்கு வந்தப்ப, ரொம்ப நீர்த்துப்போச்சுன்னு பசிபிக் தீவுங்க ஓட்டு போடாம ஒதுங்கி நின்னாங்க, அப்படியும் 63க்கு 16ன்னு பாஸ் ஆச்சு. அக்டோபர்ல இறுதி ஒப்புதல் வரணும், அதுக்குள்ள அமெரிக்கா, ஆதரிக்கிற நாட்டுக்கு விசா தடை, துறைமுக கட்டணம்னு பகிரங்கமா மிரட்டுச்சு. அக்டோபர் 17ம் தேதி 57க்கு 49ன்னு ஒரு வருஷம் தள்ளி வச்சுட்டாங்க. உங்க கேள்வில இருக்கிற "பெரிய நாடுதானே முடிவு பண்ணுது"ங்கிற பாதிக்கு இதை விட நல்ல சாட்சி கிடையாது. அந்த ஓட்டு திரும்ப வர்றப்ப லண்டன்ல மார்ஷல் தீவு நாற்காலில உக்காரப்போறது அதோட தலைநகர் மஜூரோ ஆளா, வர்ஜீனியா ஆளான்னு கவனிச்சு பாருங்க.